ஊர் மாற்றிக்கொண்ட தபால்காரர்கள்

வெர்னா ஹாபலா மூன்றாவது முறையாகப் படியில் வழுக்கி விழுந்தபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வடகோடிப் பனி ஊரான டுலூத்தில் தபால்காரர் விழுவது ஒரு செய்தியே அல்ல. ஊர் முழுக்க ஏரியைப் பார்த்துச் சரிந்த மலை. வீட்டுக்கு வீடு மரப்படி. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அந்தப் படிகளில் ஐஸ். முதல் இரண்டு தடவையும் எழுந்து, பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை எழ முடியவில்லை. இடுப்பில் தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார்கள்.

"இன்னொரு தரம் விழக்கூடாது" என்றார் மருத்துவர்.

"ஐஸ்கிட்ட சொல்லிடறேன்" என்றாள் வெர்னா.

அவள் பேச்சு அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். சாப்பாடு நாக்கில் ஒட்டிக்கொள்ளும் ருசியாக இருந்தாலும் 'பரவாயில்லை', வீட்டுக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனாலும் 'பரவாயில்லை'. அவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்து, நாலு வருஷத்தில் சண்டை சச்சரவில்லாமல் முடிந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான்.

உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். நாலு நாள் உட்கார்ந்து பார்த்தாள். இருபத்துமூன்று வருஷம் நடந்த கால், மேஜைக்கு அடியில் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள், தபால்காரர் சங்கத்தின் மாத இதழில் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். ஒரே வேலையில் இருக்கும் இரண்டு பேர், இரண்டு பக்கமும் மேலதிகாரிகள் சம்மதித்தால், ஊரை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு விளம்பரம் கொடுக்கும் பக்கம் அது. வெர்னா கொடுத்தது இப்படி: 'டுலூத். மலை. நிறையப் படி. ஐஸ் இல்லாத எந்த ஊரானாலும் சம்மதம்.'

மூன்று வாரம் கழித்து ஃபோன் வந்தது.

"உங்க ஊர்ல நிஜமாவே பனி பெய்யுமா?" என்றது ஓர் ஆண் குரல். முன்னுரை, வணக்கம் எதுவும் இல்லை.

"யாரு?"

"ரொஹேலியோ ருவேலாஸ். தெற்கே, பாலைவனத்துல, டூசான்ல தபால் போடறேன். ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவை வெயில்ல சுருண்டு விழுந்துட்டேன். மூணாவது தடவை விழுந்தா என்னைச் சவப்பெட்டியில வச்சுத்தான் டெலிவரி பண்ணணுமாம். டாக்டர் சொல்றாரு."

"எனக்கு மூணு ஆயிடுச்சு" என்றாள் வெர்னா.

அவன் சிரித்த சிரிப்பில் ஃபோனே அதிர்ந்தது. நாற்பத்தேழு வயது, மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், மகள் கல்யாணமாகி வேறு மாநிலத்தில் என்று தன் கதை முழுவதையும் முதல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டான். அவள் அந்தப் பத்து நிமிஷத்தில் சொன்னது தன் பெயரையும் காலணி அளவையும். அளவைக்கூட அவன் கேட்டதால்தான் சொன்னாள். ஐஸில் வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டையை அவனுக்கு விட்டுவிட்டுப் போக முடியுமா என்று விசாரித்திருந்தான்.

காகிதங்கள் கைமாறின. அக்டோபரில் இருவரும் ஊர் மாறினார்கள். நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. நாட்டின் குறுக்கே, ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் எதிரெதிர்த் திசையில் கடந்து போயிருப்பார்கள். அவள் தபால் போட்டுவந்த செங்குத்தான தடத்தை டுலூத் அலுவலகத்தில் யாரும் தனக்கென்று கேட்கவில்லை. அது ரொஹேலியோவுக்கு வந்தது. அவன் விட்டுப்போன நிழலில்லாத தடத்தை டூசானில் யாரும் கேட்கவில்லை; அது வெர்னாவுக்கு வந்தது.

கிளம்பும் நாளன்று அவள் அண்ணன் ஆர்விட் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கப்பல்களில் இரும்புத் தாது ஏற்றும் துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்தவன்.

"மெழுகுவத்தி மாதிரி உருகிடப் போற" என்றான்.

"உருகினா வழிச்சு டப்பாவுல அனுப்பச் சொல்றேன். கதவை விடு."

டூசானில் முதல் நாள் தபால் பையோடு இறங்கியவளுக்குப் படியே தென்படவில்லை. எல்லா வீடும் தரையோடு தரையாக, மண் நிறத்தில், முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் பசுக்கள் போலக் கிடந்தன. புல் கிடையாது, முற்றத்தில் சரளைக்கல் பரப்பி, அதை ஒருவர் சீப்பால் தலை வாருவதுபோல வாரிக்கொண்டிருந்தார். மூன்றாவது தெருவின் முனையில் ஒரு சவாரோ கள்ளி நின்றது. படத்தில் பார்த்திருக்கிறாள். படத்தில் அதன் உயரம் தெரியவில்லை. நாலு மாடி உயரம். விரற்கடை ஆழத்துக்கு மடிப்பு மடிப்பாகப் பச்சைத் தோல். இரண்டு கைகள். மேலே ஒரு பொந்து. அதற்குள்ளிருந்து உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஓர் ஆந்தை மஞ்சள் கண்ணால் அவளைப் பார்த்தது. வெர்னா தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினாள்.

"அதுக்குத் தபால் எதுவும் வராது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஒஃபேலியா புஸ்தமந்தே. கார் நிறுத்தும் கொட்டகையை முடிவெட்டும் கடையாக மாற்றி வைத்திருப்பவள். நாற்பது வயதிருக்கும். கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்திருந்தாள்.

"எத்தனை வயசு இதுக்கு?" என்றாள் வெர்னா.

"கை இருக்குல்ல? முதல் கை முளைக்கவே எழுபது வருஷம் ஆகும். ரெண்டாவது கை வர்றதுக்குள்ள எங்க வீட்ல மூணு தலைமுறை முடிஞ்சிருச்சு. நீதான் ரொஹேலியோவுக்குப் பதிலா வந்த ஐஸ்காரியா?"

"வெர்னா."

"தண்ணி குடிச்சியா வெர்னா?"

அந்த ஊரில் நலம் விசாரிப்பதே அந்தக் கேள்விதான். வீட்டு வாசல்களில் சின்ன ஐஸ் பெட்டி இருந்தது. உள்ளே தபால்காரருக்கென்று தண்ணீர் பாட்டில். தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதமில்லை. எடுக்காமல் போனால் மறுநாள் வழிமறித்து ஏன் என்று கேட்டார்கள். டுலூத்தில் யாரும் யாரையும் வழிமறித்துப் பேசியதில்லை. இங்கே ஒஃபேலியாவோ முதல் வாரத்திலேயே விவாகரத்தின் காரணம், வாங்கும் சம்பளம், இடுப்புத் திருகாணியின் நீளம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டாள். கார் சக்கரம் அளவுக்கு அகலமான கோதுமை ரொட்டியை நாலாக மடித்துக் கையில் திணித்தாள். அவ்வளவு மெல்லியது, அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தது.

நவம்பரில் ரொஹேலியோ பேசினான். குரலே மாறியிருந்தது.

"வெர்னா, நீ என்கிட்ட ஏரின்னு சொன்ன."

"ஏரிதான்."

"பொய் சொல்லாத. நேத்து புயல். அலை கலங்கரை விளக்கத்துக்கு மேல எழும்பி அந்தப் பக்கம் விழுந்துச்சு. கரை தெரியல. இதைக் கடல்னு சொன்னா நான் நம்பியிருப்பேன். உப்பே இல்லன்னாங்க. குனிஞ்சு கையில அள்ளி நக்கிப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"உப்பில்ல. பக்கத்துல நின்ன ஆளு என்னை ஒரு மாதிரி பார்த்தான்."

"அவன் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டானே."

"ஒண்ணும் சொல்லல! இந்த ஊர்ல எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான். இன்னொண்ணு கேக்கணும். காலையில எழுந்து பார்த்தா என் வீட்டுப் படியில பனி இல்ல. யாரோ வாரித் தள்ளிட்டுப் போயிட்டாங்க. யாருன்னு தெருவுல கேட்டா எல்லாரும் வானத்தைப் பார்க்கிறாங்க. நன்றி சொல்ல வேண்டாமா?"

"சொல்லிடாத. அவங்களுக்குச் சங்கடமாயிடும்."

"பின்ன?"

"அடுத்த பனிக்கு நீ சீக்கிரம் எழுந்திரு. நாலு வீட்டுப் படியில பனியைத் தள்ளிட்டு உள்ள வந்து படுத்துக்க. அதான் அங்க பேச்சு."

ஜனவரியில் அவன் மறுபடி அழைத்தபோது சிரிக்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. மூக்குக்குள் முடி உறைகிறது, இமை ஒட்டிக்கொள்கிறது, காரின் எஞ்சினுக்கு ராத்திரியெல்லாம் மின்கம்பி செருகிச் சூடேற்ற வேண்டியிருக்கிறது, நாலரை மணிக்கு இருட்டிவிடுகிறது. "என்னால முடியல. மாத்திக்கலாம். திரும்ப மாத்திக்கலாம், வெர்னா."

வெர்னா அப்போது அரைக்கைச் சட்டையில், தெருவோர மரத்தில் பழுத்துத் தொங்கும் ஆரஞ்சுகளைப் பார்த்தபடி நின்றிருந்தாள். புளிப்புப் பழம், யாரும் தின்ன மாட்டார்கள், அழகுக்காக விட்டு வைத்திருந்தார்கள். ஜனவரியில் பழம் அழகுக்காகத் தொங்கும் ஓர் ஊர் இருக்க முடியும் என்பதையே அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

"மாட்டேன்" என்றாள்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்."

"யோசிச்சுட்டேன்."

ஜூன் வந்தது.

நூற்றுப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். தபால் பெட்டியின் தகரம் விரலைச் சுட்டது. வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. டுலூத்திலிருந்து கொண்டு வந்திருந்த கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஓட்டினாள். அதைப் பார்த்து ஒஃபேலியாவின் கடையில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர் விடியலுக்கு முன்பே எழுந்து, நாய்களை நடக்கவிட்டு, கடைக்குப் போய்வந்து, ஒன்பது மணிக்குத் திரையை இழுத்து மூடிக்கொண்டது. நடுப்பகலில் தெருவில் ஈ காக்கை இல்லை. அந்த வெறிச்சோடிய தெரு அவளுக்கு ரொம்பப் பழக்கமானது. ஜனவரி மாதத்து டுலூத் அது. அங்கும் இப்படித்தான், மூடிய கதவுகள், உள்ளே ஒரு இயந்திரத்தின் ரீங்காரம், வெளியே தபால்காரர் மட்டும்.

ஜூன் கடைசி வாரத்தில் ஒரு மெஸ்கீட் மரத்தடியில், நம் ஊர்க் கருவேலத்தின் பங்காளியான அந்த மரம் தரும் சல்லடை நிழலில், கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒஃபேலியா ஓடிவந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கடைக்குள் இழுத்துப்போய், காலை ஐஸ் தண்ணீர் வாளிக்குள் வைத்தாள்.

"மூஞ்சியைப் பாரு, சுட்ட மிளகா மாதிரி. எங்க வீட்டு நாய்க்குக்கூட இந்நேரத்துக்கு வெளிய வரக்கூடாதுன்னு தெரியும்."

"நாய்க்குத் தபால் வேலை கிடையாது" என்றாள் வெர்னா, கண்ணைத் திறக்காமல்.

"வாய் மட்டும் காயல. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்க. மழை வரும். ஆறு வரும்."

"எந்த ஆறு?"

"ரில்லிட்டோ. தினமும் அது மேலதான் வண்டி ஓட்டிட்டு வர்ற."

அந்தப் பாலத்தை வெர்னாவுக்குத் தெரியும். கீழே வெறும் மணல். அதில் ஆட்கள் குதிரையில் போவார்கள், நாயை நடத்துவார்கள். பெருத்த செலவில் மணலுக்குப் பாலம் கட்டிய ஊர் என்று அண்ணனிடம் ஃபோனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒஃபேலியாவிடம் எதிர்த்துப் பேசத் தெம்பில்லாததால் பேசாமலிருந்தாள். அன்று சாயங்காலம் ரொஹேலியோவை அழைத்தாள்.

"மாத்திக்கலாம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"நான் எங்க உக்காந்திருக்கேன் தெரியுமா? உன் தடத்துல, அந்த மஞ்ச வீட்டுக்கு எதிர்ல இருக்கிற படியில. லைலாக் பூத்திருக்கு. மணி ஒன்பது. இன்னும் வெளிச்சம் போகல. போர்வை வேணும் போலக் குளிருது. ஜூன் மாசத்துல, வெர்னா! மாட்டேன்."

"யோசிச்சுப் பாரு."

"ஜனவரியில நீ எவ்ளோ நேரம் யோசிச்சியோ அவ்ளோ நேரம் யோசிச்சுட்டேன்."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். கோபம் வரவில்லை, நியாயம் அவன் பக்கம். மறுநாள் அலாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஜூலையில் மதியந்தோறும் வடக்கே காத்தலீனா மலைக்கு மேல் மேகம் பொதி பொதியாக ஏறியது. சாயங்காலம் ஒன்றும் செய்யாமல் கலைந்துபோனது. ஒரு வாரம் இப்படி ஏமாற்றியது. இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மூன்றரை மணி. வேலை முடித்து, ஒஃபேலியாவின் கடையில் பின்கழுத்து முடியை ஒட்ட வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், சாயம் பூசி, தலை முழுக்க வெள்ளித்தாள் மடிப்புகளோடு காத்திருந்தாள். கதவு இடுக்கு வழியே ஒரு வாசனை வந்தது.

வெர்னாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. பச்சிலையைக் கருக்கியது போலவும், நனைந்த இரும்பு போலவும், மருந்துக் கடை போலவும் இருந்தது. அவளுக்குத் தெரிந்த எந்த மழைக்கும் இந்த மணம் கிடையாது. கடையில் பேச்சு நின்றது. ஒஃபேலியா கத்தரிக்கோலை மேஜையில் போட்டாள்.

"எழுந்திரு!"

"பாதிதான் வெட்டியிருக்க..."

"பாதியோட வா. நீயும்தான், எழுந்திரு" என்று வெள்ளித்தாள் பெண்ணையும் கிளப்பினாள். "மலையில பெய்யுது. இன்னும் அரை மணியில வந்துரும்."

மூன்று பேரும் ஒஃபேலியாவின் காரில் ஏறினார்கள். பாலத்தை நெருங்கும்போது அங்கே ஏற்கெனவே கூட்டம். மடக்கு நாற்காலியோடு வந்த குடும்பங்கள், வேலை உடுப்பிலேயே வந்த தச்சர்கள், தோளில் குழந்தையோடு ஒரு போலீஸ்காரர். தலைக்கு மேலே வானம் துடைத்துவிட்டாற்போல நீலம். ஒரு சொட்டு மழையில்லை. கீழே வெள்ளை மணல் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. வெள்ளித்தாள் பெண்ணின் தலையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு எதுவும் தெரியல" என்றாள் வெர்னா.

"காது இருக்குல்ல?"

முதலில் சத்தம்தான் வந்தது. சாலையில் தூரத்து லாரி போல ஓர் உறுமல். அது நெருங்க நெருங்க அதற்குள் வேறு சத்தங்கள் பிரிந்தன. கல்லோடு கல் உருளும் மொத்தல், குச்சிகள் முறியும் நொறுக்கல், நுரை பொரியும் சீறல். ஆற்றின் வளைவில் அது தலையைக் காட்டியது. அலை என்று சொல்ல முடியாது. பழுப்பு நிறத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு நாக்கு. முன்னால் சருகும் சுள்ளியும் கள்ளித் துண்டும் நுரையும் சுருட்டித் தள்ளிக்கொண்டு, ஓர் ஆள் வேகமாக நடக்கும் நடையில் வந்தது. மணல் அதைக் குடித்தது. குடித்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த நாக்கு நீண்டது. அதன் பின்னாலேயே இடுப்பளவு, அதன் பின்னால் ஆளளவு. ஒரு முழு மரம், வேரோடு, நிமிர்ந்தபடியே வந்தது. வெர்னா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலையில் குதிரை நடந்த இடம் கரை தொட்டு ஓடும் ஆறாகிவிட்டது. பாலம் காலுக்கடியில் நடுங்கியது.

ஜனங்கள் கை தட்டினார்கள். ஒரு வயதானவர் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

வெர்னா பிறந்தது தண்ணீர்க் கரையில். கண் திறந்தால் தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். அது எப்போதும் அங்கேயே இருக்கும். தண்ணீர் வரும் என்று அவளுக்குத் தெரியாது. இல்லாத இடத்திலிருந்து, நீல வானத்தின் கீழ், ஒருவர் ஊருக்குத் திரும்பி வருவதைப் போல அது வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். பாலத்தின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் ஏதோ வழிந்தது. வியர்வை என்று நினைத்துத் துடைத்தாள். மறுபடி வழிந்தது.

ஒஃபேலியா பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறவளுக்குக் கேட்காமல் இருக்கவும் தெரிந்திருந்தது.

வெர்னா ஃபோனை எடுத்து ரொஹேலியோவை அழைத்தாள். அவன் எடுத்ததும் எதுவும் பேசாமல், ஃபோனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். ஒரு நிமிஷம் கழித்துக் காதில் வைத்தாள்.

"எந்தப் பாலம்?" என்றான் அவன்.

"நம்ம தடத்துக்குப் பக்கத்துல இருக்கிறது."

"கரை தொட்டுப் போகுதா?"

"தொட்டுருச்சு."

"நாப்பத்தேழு வருஷமா ஒரு வருஷம் விடாம பார்த்தேன். இந்த வருஷம்தான்..." அவன் நிறுத்தினான். "பரவால்ல. உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? இங்க கப்பல் உள்ள வரும்போது ஊதுது பாரு, ஒரு நீளம், ரெண்டு குட்டை. அதுக்கு வழிவிடத் தூக்குப் பாலம் அப்படியே மேல எழும்பி, திரும்ப அதே மாதிரி ஊதிப் பதில் சொல்லுது. ஆயிரம் அடிக் கப்பல், வெர்னா. ஒரு தெருவே மிதந்து வர்ற மாதிரி. நான் ஒவ்வொரு தடவையும் பையை இறக்கி வச்சுட்டுப் படியிலேயே நின்னுடறேன். உங்க ஊர்க்காரங்க தலையைக்கூடத் தூக்க மாட்டேங்கிறாங்க."

"நானும் தூக்கினதில்ல" என்றாள் வெர்னா. "கப்பல் போறப்ப என்னைக்காவது பார்த்தோமான்னு யோசிக்கிறேன். ஞாபகமே வரல."

"அடிப்பாவி. இருபத்துமூணு வருஷம்!"

"உனக்கு அந்தச் சவாரோ பொந்துல ஆந்தை இருக்கிறது தெரியுமா?"

"எந்தப் பொந்து?" என்றான் ரொஹேலியோ.

அதற்குப் பிறகு ஊர் மாற்றும் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. வெர்னா டூசானிலேயே எட்டு வருஷம் வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றாள். ரொஹேலியோ மூன்றாவது குளிர்காலத்தில், தெருவில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பனி தள்ளும் ஆளாகிவிட்டான் என்றும், யாராவது யாரென்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறான் என்றும் ஆர்விட் எழுதினான்.

ஆறு வந்த மறுநாள் காலை, வெர்னா பாதி வெட்டிய தலையோடுதான் வேலைக்குப் போனாள். காற்றுக் குளிர்ந்திருந்தது. கடைசித் தெருவின் திருப்பத்தில் இருந்த பள்ளம் ஒரு குட்டையாகியிருந்தது. அதற்குள்ளிருந்து ஆட்டுக்குட்டிகள் கத்துவது போல ஒரு சத்தம். குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நீளத் தேரைகள், நூற்றுக்கணக்கில். பத்து மாதமாக மண்ணுக்கடியில் மூச்சை அடக்கிக் கிடந்தவை, மழை தரையைத் தட்டிய சத்தம் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து வந்திருந்தன. தொண்டையை உப்பி உப்பிக் கத்தின. அவள் நிழல் விழுந்தும் நிறுத்தவில்லை. வெர்னா பையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

தபால்காரர் கையிலிருக்கும் கருவி, அவர் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்பதைப் பதிந்துகொண்டே இருக்கும். மதியம் அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேலாளர் கூப்பிட்டார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, எப்போதும் அவசரத்தில் இருக்கும் மனிதர்.

"கடைசித் தெருவுல பதினோரு நிமிஷம் ஒரே இடத்துல நின்னிருக்கீங்க. என்ன ஆச்சு? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"தேரை கத்திச்சு" என்றாள் வெர்னா.

அவர் பேனாவை மூடினார்.

"எங்க? அந்தத் திருப்பத்துப் பள்ளத்துலயா?" என்று கேட்டபடி கார்ச் சாவியைத் தேடினார்.